கொடிக்கயிறு கொடுத்த அம்மா

மில் வாசலுக்கு எதிரேதான் பஸ் நிற்கும். அந்த அம்மா காலையிலிருந்து பொழுது சாயும் வரை ரோட்டைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஓட்டமும் நடையுமாக வந்து, "சிதம்பரம் பஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டால், "தெரியாது" என்பார்.

"என்னம்மா, இங்கியேதான உக்காந்திருக்கீங்க?"

"ஒரு சத்தம் கேட்டுது. பஸ்ஸா லாரியான்னு நான் பாக்கல."

கேட்டவர் மனதுக்குள் திட்டிக்கொண்டே நிழலில் ஒதுங்குவார். பஸ் சில நாள் வரும், சில நாள் ஏற்கெனவே போயிருக்கும். ஆனால் அந்த அம்மா சொல்லி யாரும் ஏமாந்ததில்லை, அவர்தான் எதையும் சொல்வதே இல்லையே.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் எங்கள் ஊர். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் குளம். காலனியில் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். ஊர்ப் பக்கத்தில் பெரிய வீடு மில் வீடு. கணவர் இறந்த பிறகு அரிசி மில்லைப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாதான். என் அம்மா அந்த மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கிற வேலை பார்த்தாள். "வாயத் தொறந்தா முத்து உதுந்துடும் அந்த அம்மாவுக்கு" என்று தினம் ஒரு முறையாவது வீட்டில் வந்து சொல்லாமல் இருக்க மாட்டாள். மழை வருமா, களத்தை மூடலாமா என்று கேட்டால்கூட, "வானத்த நீயும்தான் பாக்கற" என்று பதில் வருமாம்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கும். காரணம், எனக்கு எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குக் கேட்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வராது. தெரியாததைத் தெரியாது என்பார், தெரிந்ததைச் சொல்வார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஆட்களிடம் வழி கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்து, எங்கேயாவது கையைக் காட்டிவிடுவார்கள்.

என் பெரியம்மா ஒருமுறை பக்கத்து ஊர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மில்லுக்குப் போனாள். பையன் அங்கேதான் நெல் அரைக்க வருவான்.

"நல்ல பையனாம்மா?"

"தெரியாது."

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்?"

"தெரியாது. நெல்லு கொண்டாருவான். ஈர நெல்ல அடியில வச்சி, காஞ்சத மேல கொட்டிக் கொண்டாந்தது இல்ல. எனக்குத் தெரிஞ்சது அதான்."

பெரியம்மா திரும்பி வந்து, "இதக் கேக்கவா வெயில்ல போனேன்" என்று புலம்பினாள். ஆனால் கல்யாணத்தை நடத்திவிட்டாள். பையன் நல்லவனா என்பது பெரியம்மாவுக்கே இன்னும் முடிவாகவில்லை. ஏமாற்றுக்காரன் இல்லை என்பது மட்டும் உறுதி.

சுனாமி வந்த வாரம் நடந்ததைச் சொன்னால்தான் அந்த அம்மாவின் குணம் முழுசாகப் புரியும். கடலோர ஊர்களில் அத்தனை சாவு விழுந்து, எல்லாரும் பயந்து கிடந்த நேரம். ஒரு நாள் மத்தியானம் ரோட்டில் கூச்சல். "கடல் திரும்ப வருது, சிதம்பரத்தத் தாண்டிடுச்சு" என்று ஒருவன் சைக்கிளில் கத்திக்கொண்டு போனான். பின்னாலேயே ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே ஓடினார்கள். எங்கள் காலனியும் கிளம்பிவிட்டது. மில் வாசலில் என் மாமா நின்று, "அம்மா, கடல் வருதாமே, நெசமா?" என்று கேட்டார்.

"தெரியாது. நீ பாத்தியா?"

"இல்ல, இவன் சொன்னான்."

"நீ பாத்தியாப்பா?"

"இல்லம்மா, டீக்கடையில சொன்னாங்க."

"அவுங்க பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே போனதில் பாதிப் பேருக்கு மூச்சு சீரானது. சிலர் மூட்டையைக் கீழே வைத்தார்கள். "அப்ப வராது, வீட்டுக்குப் போலாம்" என்று மாமா திரும்பினார். அப்போது அந்த அம்மா எழுந்து நின்று, "வராதுன்னும் எனக்குத் தெரியாதே" என்றார். சாவியை எடுத்து மில் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். குழந்தைகள், கிழவிகள், ஆடு, கோழி எல்லாம் அன்று பொழுது சாயும் வரை அந்த மாடியில் இருந்தோம். கடல் வரவில்லை. காலனி ஆட்கள் மில் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை என்று அம்மா பிறகு சொன்னாள்.

இந்த அம்மா ஏன் இப்படி என்று ஊரில் ஆளுக்கொரு கதை. சின்ன வயதில் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று கோர்ட்டில் சாட்சி சொல்லி, ஒரு குடும்பம் அழிந்துபோனதாம். அன்றிலிருந்து நாக்கைக் கட்டிக்கொண்டாராம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா சிரித்தார். "நான் கோர்ட்டுப் பக்கமே போனது இல்ல பொண்ணே. எனக்கே புதுசா இருக்குது. நல்லாத்தான் கட்டிருக்காங்க."

"அப்ப ஏம்மா இப்படி?"

"எப்படி?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

இனி எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளக்கரையில் நிற்கிற சந்தியாகப்பர் கோயில் அது. மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர், மேலே பனை உத்திரம். வெயில் காலத்தில் உள்ளே போனால் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி. பீடத்தில் இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரை மேல், நம்ம ஊர் மீசையோடு இருப்பார். மணியில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. இதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சான்று கிடையாது. ஆனாலும் நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது என்று யாரோ முடிவுசெய்து, பெருவிழா கொண்டாட ஏற்பாடு தொடங்கிவிட்டது. விழா மலரில் கோயில் வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காலனியில் வரலாறு எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான்.

வரலாறு என்று கையில் கிடைத்தது இரண்டு கதைகள். ஊரில் சொல்கிற கதை: மில் வீட்டு மூதாதை ஒருவருக்கு அம்மை போட்டு, பிழைக்க மாட்டார் என்று விட்டுவிட்டார்கள். பாண்டிச்சேரியிலிருந்து குதிரையில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஜெபம் செய்ய, பிழைத்துவிட்டார். நன்றிக்கு இடம் கொடுத்தார். காலனியில் சொல்கிற கதை: ஏரி வாய்க்கால் வெட்டப் போன எங்கள் பாட்டன்மார், கூலி நாளில் ஒரு கூடை மண்ணைத் தனியாகக் கொண்டுவந்து, யாருக்கும் வேண்டாத பள்ளத்தை மேடாக்கினார்கள். அந்த மேட்டில்தான் கோயில்.

முதல் கதைக்கு ஒரு பலம் இருந்தது. வருஷா வருஷம் ஆடி மாதத் திருவிழாவில் கொடி ஏற்றுகிற கயிறு மில் வீட்டிலிருந்துதான் வரும். முன்தினம் உபதேசியாரும் இன்னொரு பெரியவரும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு மில் வீட்டு வாசலில் போய் நின்று, "கயிறு வேணும்" என்று கேட்க வேண்டும். உபதேசியார் என்றால், சாமியார் வராத நாட்களில் எங்களுக்கு ஜெபம் நடத்துகிறவர். இவர்கள் உள்ளே போவதில்லை. கேட்ட பிறகு புதுக் கயிறு வரும். இடம் கொடுக்காத வீட்டில் எதற்கு இந்த மரியாதை? நானும் அப்படித்தான் நினைத்தேன். 'மில் குடும்பத்தார் ஈந்த இடத்தில்' என்று முதல் வரியை எழுதியும் வைத்துவிட்டேன்.

அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த அம்மாவின் கொழுந்தனாருக்குத் தெரிந்திருந்தது. ரோடு அகலமான பிறகு குளக்கரை மனையெல்லாம் விலை ஏறிக் கிடந்தது. கோயிலுக்குப் பின்னால் எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்குப் பட்டா கிடையாது. கொழுந்தனார் விழாவுக்குத் தன் செலவில் கல்வெட்டு வைப்பதாகச் சொல்லி, கடலூரில் கருங்கல்லில் வெட்டி, வேனில் ஏற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து இறக்கினார். பளபளவென்ற கல். 'குளக்கரை முதல் கோயில் பின்சுவர் வரை நிலம் தானமாகத் தந்த குடும்பம்' என்று எழுதியிருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். சிலர் கை தட்டினார்கள். உபதேசியார் மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, 'பின்சுவர் வரை' என்ற இடத்தில் விரலை வைத்து அப்படியே இருந்தார். பின்சுவர் வரைதான் கொடுத்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இருப்பது யாருடையது? என் அப்பா அங்கேதான் படுத்திருக்கிறார்.

உபதேசியார் சாமியாரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். சாமியார் ஊருக்குப் புதியவர், ஆனால் விவரமானவர். "பெரிய வீட்டு அம்மாவக் கேட்டுட்டு வச்சிடலாமே, கயிறு அவுங்கதான கொடுக்கறாங்க" என்றார். கொழுந்தனார் சந்தோஷமாகத் தலையாட்டி, தானே ஆள் விட்டார்.

அந்த அம்மா வந்தார். கோயில் முன்னால் போட்ட நாற்காலியில் உட்காராமல் வேப்பமரத்தடியில் நின்றார்.

"அம்மா, இந்த எடம் உங்க குடும்பம் கொடுத்ததுதானே?" என்று சாமியார் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க சாமி."

கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி, வெளையாடாதீங்க. கயிறு யாரு கொடுக்கறா?"

"நாமதான்."

"எதுக்குக் கொடுக்கறோம்? எடம் நம்முளுது, அதனால கொடுக்கறோம்."

"கயிறு கொடுக்கறது தெரியும். எதுக்குன்னு தெரியாது. எங்க மாமியார் கொடுத்தாங்க, நானும் கொடுக்கறேன்."

"எங்க அம்மா சொல்லியிருப்பாங்களே?"

"கேட்டேன். கேள்வி கேக்காத, கயித்த எடுத்து வையின்னாங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கொழுந்தனாருக்கு முகம் மாறியது. "நேத்தே சொன்னனே அண்ணி..." என்று பல்லைக் கடித்தார்.

"சொன்னீங்க. தலையாட்டினா போதும்னீங்க. தெரியாததுக்கு எப்படித் தலையாட்டறது?"

உபதேசியார் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "பின்னாடி கல்லறைத் தோட்டம்... அது உங்களுதாம்மா?"

அந்த அம்மா கோயில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எங்களுதான்னு தெரியாது. நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து எங்க வீட்டு ஏரு அதுல எறங்கிப் பாத்ததில்ல. உங்க ஆளுங்களப் பொதைக்கறதப் பாத்திருக்கேன். எங்க மாடியில நின்னா தெரியும்." பிறகு என்னைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணோட அப்பாவப் பொதைச்சப்ப மழை. குழியில தண்ணி ஊற ஊற மொண்டு ஊத்தினாங்க. அத நான் பாத்தேன். அது எனக்குத் தெரியும்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கோயிலுக்குள் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மழையை எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர இன்னொருவரும் ஞாபகம் வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

கல் வந்த வேனிலேயே திரும்பிப் போனது. ஊர் முன்னாலேயே அந்த அம்மா இப்படிச் சொல்லிவிட்டதால் கல்லறைப் பேச்சைக் கொழுந்தனார் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அண்ணியைச் சும்மா விடவில்லை. பாகம் பிரிக்க வேண்டும் என்று நின்று, மில் களம் தன் பங்கு என்று வாங்கி, நடுவில் முள்கம்பி வேலி போட்டுவிட்டார். களம் இல்லாமல் நெல் அவித்து எங்கே காயவைப்பது? அவிக்கிற அடுப்பு நின்றது. வெளியார் நெல்லை அரைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் மிச்சம். என் அம்மாவுக்கும் வேலை போனது. "முத்து உதிராம இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றாள் அம்மா. ஆனால் அன்று சாயங்காலம் அப்பா கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

நான் எழுதிய முதல் வரியை அடித்துவிட்டேன். 'இது யார் கொடுத்த இடம் என்று தெரியவில்லை. இரண்டு கதைகள் உண்டு' என்று எழுதி, இரண்டையும் போட்டேன். சாமியார் படித்துவிட்டு, "மலர்ல போயி தெரியலன்னு எழுதலாமா?" என்று இழுத்தார். பிறகு அவரே, "சரி, தெரியலதானே" என்று அச்சுக்குக் கொடுத்தார்.

அந்த ஆடியில் கொடியேற்றம் நெருங்கியபோது காலனியில் கூட்டம் போட்டோம். என் மாமன் மகன் கடலூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அவன் எழுந்து, "இனிமே எதுக்கு அந்த வாசல்ல போயி நிக்கணும்? எதுக்குன்னு அவுங்களுக்கே தெரியலன்னுட்டாங்க" என்றான்.

"நன்றி கெட்டுப் பேசாதடா. அவுங்க இல்லன்னா கல்லற போயிருக்கும்" என்று உபதேசியார் சொன்னார்.

"நல்லவங்கதான். நான் இல்லங்கல. ஆனா நல்லவங்க வாசல்ல நிக்கறதும் நிக்கறதுதான மாமா?"

கயிற்றை நாமே வாங்குவது என்று முடிவானது. சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்கள். இப்படிப்பட்ட வேலைக்குத்தான் படித்தவள் வேண்டும்.

மில் வீட்டில் புதுக் கயிறு ஏற்கெனவே வாங்கிச் சுருட்டி வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அந்த அம்மா கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி" என்றார்.

"வருத்தமாம்மா?"

"வருத்தமாத்தான் இருக்குது" என்றார். இதற்கு மட்டும் தெரியாது என்று சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "ஆமா, இத வச்சி என்னதான் பண்றீங்க அங்க?" என்று கேட்டார்.

"கொடியேத்தம் பாத்ததே இல்லியாம்மா?"

"கயிறு கொடுக்கற வீட்டுப் பொம்பளைங்க போவக் கூடாதும்பாங்க. மாடியில நின்னா வேப்பமரத்துக்கு மேல கொடி வந்தப்புறம்தான் தெரியும். கீழ எப்படிக் கட்டறீங்க, எப்படி ஏத்தறீங்க, எதுவும் தெரியாது." பிறகு யோசித்தார். "இப்பதான் நான் கயிறு கொடுக்கலியே."

கொடியேற்றத்தன்று சாயங்காலம் வந்துவிட்டார். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, பொம்பளைகள் கூட்டத்தில் என் அம்மா பக்கத்தில் நின்றார். சாமியார் கொடியை மந்திரிப்பதையும், அதில் இருக்கிற குதிரைப் படம் தலைகீழாகிவிடாமல் உபதேசியார் முடிச்சுப் போடுவதையும் எட்டி எட்டிப் பார்த்தார். "அந்தக் குதிரைக்கு ஏன் கண்ணு மூடியிருக்கு?", "அந்த உருளையில எண்ணெ போட்டாங்களா?" என்று என் அம்மாவை அரித்தெடுத்தார். இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவர் இப்படித் திறப்பார் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. "தெரியலம்மா, தெரியலம்மா" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேளம் அடித்தது. எல்லாரும் கயிற்றைப் பிடித்தோம். முன்னால் நின்ற என் மாமன் மகன் திரும்பி, யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தான். அவன் கண் அந்த அம்மா மேல் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்து, கயிற்றின் கடைசி முனையை எடுத்து நீட்டினான்.

"வேடிக்கை பாக்கவா வந்தீங்க? புடிங்க."

அந்த அம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "நான் கொடுத்த கயிறு இல்லியேப்பா இது."

"அதனாலதான். புடிங்க."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தார். எனக்கும் என் அம்மாவுக்கும் பின்னால், கடைசி ஆளாக. இழுத்தோம். கொடி வேப்பங்கிளையைத் தொட்டு, விலகி, மேலே போனது. உச்சிக்குப் போனதும் எல்லாரும் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். அந்த அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்தபடி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். கயிற்றைக் கொடிமரத்தில் சுற்றிக் கட்ட வேண்டும் என்று உபதேசியார்தான் பக்கத்தில் வந்து, கேட்டு வாங்கிக்கொண்டார்.